அந்தப் பெண் என்ன எழுதுவாள்?

“சும்மா நீ நீயா இரு, அது போதும்.” அமெரிக்கக் கல்லூரிகளில் சொராரிட்டி என்னும் பெண்கள் சங்கங்களுக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்மென்ட்டுக்குப் போகும் பெண்ணுக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி இது. கல்லூரி அனுப்பும் கையேட்டில் இருக்கும். யூடியூபில் சீனியர்கள் சொல்வார்கள். ஒன்றும் புரியாமல் கார் ஓட்டிக்கொண்டு வந்த அப்பாவும் விடுதி வாசலில் இதையே சொல்லிவிட்டுத் திரும்புவார். பொய்யில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள் என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பதினெட்டு வயதில், புது ஊரில், ஆகஸ்ட் வெயிலில், ஆயிரம் பேர் நடுவே வரிசையில் நிற்கும்போது தன்னைத் தானாக வைத்துக்கொள்வது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. வாய் வற்றிப்போய், கேட்ட கேள்விக்கு “ஆமா, நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு வருவதும் அவளாக இருப்பதுதானே? அப்படி வந்தவளுக்கு மறுநாள் அழைப்பு வராது. ‘என்னை எனக்காகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்’ என்று அவள் விடுதி அறையில் அழுவாள். அந்தப் புத்திமதி செய்து வைக்கும் வேலை இது.

நான் இங்கே பேசப்போவது, 1902-இல் தொடங்கிய தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்ற கூட்டமைப்பின் கீழ் இருக்கும் 26 சங்கங்கள் சேர்ந்து நடத்தும் முறையான ரெக்ரூட்மென்ட் பற்றி. அதிலும் அலபாமா, ஜார்ஜியா, டெக்சஸ் மாதிரிப் பெரிய வளாகங்களில் நடப்பது பற்றி. சேரலாமா வேண்டாமா என்ற சண்டை வேறு. மகள் ஏற்கெனவே பதிவுக் கட்டணம் கட்டிவிட்டாள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

கதவுக்கு அந்தப் பக்கம்

நல்ல பெயர் எடுப்பது எப்படி என்று கேட்கிறவர்கள் எல்லாம் கதவுக்கு வெளியே நிற்கும் பெண்ணையே பார்க்கிறார்கள். என்ன உடுத்த, எப்படிச் சிரிக்க, எதைச் சொல்ல. ஆனால் பெயர் எடுப்பதோ கெடுப்பதோ நடப்பது கதவுக்கு உள்ளே. ஆகவே முதலில் உள்ளே போய்ப் பார்ப்போம்.

ஒவ்வொரு சங்கத்தின் வீட்டிலும் நடக்கும் சந்திப்பை ‘பார்ட்டி’ என்பார்கள். பார்ட்டி என்றாலும் குடியும் கிடையாது, பையன்களும் கிடையாது; இரண்டுமே விதிப்படி தடை. முதல் சுற்றில் இருபது நிமிடம் முதல் அரை மணி, கடைசிச் சுற்றில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை போகும். வெளியே பெண்கள் பட்டியல் வரிசைப்படி நிற்பார்கள். கதவு திறந்ததும் கைதட்டல், பாட்டு, கூச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒருத்தி வந்து பெயர் சொல்லிக் கூட்டிப்போவாள். அது தற்செயல் அல்ல. யார் யாரோடு பேச வேண்டும் என்று முன்கூட்டியே ஜோடி போட்டுவைத்திருப்பார்கள். ஒரே ஊர், ஒரே பாடம், ஒரே விளையாட்டு என்று ஏதாவது பொருத்தம் பார்த்து. ஐந்தாறு நிமிடத்தில் இன்னொருத்தி பக்கத்தில் வந்து நின்று பேச்சில் கலந்துகொள்வாள், முதலாமவள் நழுவிவிடுவாள். இதற்குப் பெயர் ‘பம்ப்’. ஒரு பார்ட்டிக்குள் இப்படி மூன்று நான்கு பேர் மாறுவார்கள். இது தெரியாத பெண், ‘நம்மைப் பிடிக்காமல்தான் எழுந்து போய்விட்டாள்’ என்று நினைத்து அடுத்தவளிடம் முகம் வாடிப் பேசுவாள். தெரிந்திருந்தால் அந்த ஐந்து நிமிடம் வீணாகாது.

பார்ட்டி முடிந்தது. கதவு சாத்தியாயிற்று. அடுத்த கூட்டம் வாசலுக்கு வர பத்துப் பதினைந்து நிமிடம். எல்லாம் முடிவாகும் நேரம் இதுதான் என்பது என் கட்சி.

அந்த இடைவெளியில் உள்ளே இருக்கும் பெண் என்ன நிலையில் இருக்கிறாள் என்று பாருங்கள். அவளுக்கும் பத்தொன்பது இருபது வயதுதான். போன வாரம் முழுக்க இதற்கான ஒத்திகையில் பாடிப் பாடித் தொண்டை கட்டியிருக்கிறது. காலையிலிருந்து நின்றபடி இருக்கிறாள். இன்று இதுவரை இருபது முப்பது பேரோடு பேசியாயிற்று. பாதிப் பேர் நர்சிங், மீதிப் பேர் மார்க்கெட்டிங். எல்லோருக்கும் பயணம் பிடிக்கும், நாய்க்குட்டி பிடிக்கும், ‘புது ஃபிரண்ட்ஸ்’ வேண்டும். இப்போது அவள் போனையோ ஒரு அட்டையையோ எடுத்து, தான் சந்தித்த ஒவ்வொருத்திக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் இரண்டு வரி எழுத வேண்டும். முறை சங்கத்துக்குச் சங்கம் மாறும், வாக்கெடுப்பு விவரத்தை வெளியே சொல்லவும் மாட்டார்கள். ஆனால் இந்தக் குறிப்பு எழுதும் வேலை ஏதோ ஒரு வடிவில் எங்கும் உண்டு. இரவில் கூடிப் பட்டியல் பார்க்கும்போது, ஆயிரக்கணக்கான பெயர்களில் பெரும்பாலானவை பேச்சே இல்லாமல் மதிப்பெண்ணை வைத்தே மேலேயோ கீழேயோ போய்விடும். நடுவில் தொங்கும் பெயர்களுக்கு மட்டும் யாராவது எழுந்து அரை நிமிடம் பேசுவார்கள். பேச வேண்டுமானால் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

“இனிமையானவள், சிரித்த முகம், உயிரியல்.” இப்படி ஒரு குறிப்பு. “கோயம்புத்தூர்ப் பாட்டியோடு மொழி புரியாமல் மூன்று வாரம் சீட்டாடினவள்; என் தங்கை பெயரைக் கேட்டு ஞாபகம் வைத்திருந்தாள்.” இப்படி இன்னொன்று. இரண்டாவது பெண் முதலாமவளைவிடக் கெட்டிக்காரியும் இல்லை, அழகியும் இல்லை. ஆனால் களைத்துப்போன ஒருத்திக்கு எழுத இரண்டு வரி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். எல்லோருக்கும் பிடித்தவளாக இருப்பது இந்த விளையாட்டில் நடக்காத காரியம். தனக்காக எழுந்து நிற்கக்கூடிய ஒருத்தியை ஒவ்வொரு வீட்டிலும் சம்பாதிப்பது நடக்கக்கூடியது.

இதைக் கேட்டதும் நம் ஊர் அம்மாக்களுக்குப் பெண் பார்க்கும் படலம் ஞாபகம் வரும். தட்டோடு வந்து நிற்பது, இரண்டு கேள்வி, பிறகு பதிலுக்காகக் காத்திருப்பது. ஒப்பீடு ஓரளவு சரிதான். ஒரு வித்தியாசம்: இங்கே சோபாவில் உட்கார்ந்திருப்பவளும் பயந்துபோய்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்கு நல்ல பெண்கள் வராமல் போனால் அவள் சங்கம் அடுத்த வருடம் தள்ளாடும். பேச்சு தடைப்பட்டால் அவளுக்கும் வியர்க்கும். அந்தப் பயத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வருகிறவளை அவள் மறக்க மாட்டாள்.

பதில், ஒரு துணுக்கு, திருப்பி ஒரு கேள்வி

கேள்விகள் புதிதாக ஒன்றும் இருக்காது. எந்த ஊர், என்ன படிப்பு, எந்த விடுதி, கோடை விடுமுறை எப்படிப் போயிற்று, பள்ளியில் என்னவெல்லாம் செய்தாய். இந்த ஐந்துக்கும் விடை தயாராக இருக்க வேண்டும், மனப்பாடமாக அல்ல. பதில் சொல்வது, அதில் வேறு யாரும் சொல்ல முடியாத ஒரு துணுக்கு வைப்பது, பிறகு பேச்சை அவள் பக்கம் திருப்புவது. மொத்தம் மூன்று நான்கு வாக்கியம். அரை நிமிடத்தைத் தாண்டினால் அது பிரசங்கம்.

“கோடை எப்படிப் போச்சு?” என்றால் “நல்லா போச்சு, குடும்பத்தோட இந்தியா போனோம்” என்பது பேச்சை அங்கேயே முடித்து வைக்கிறது. “இந்தியால பாட்டி வீட்டுக்குப் போனேன். அவங்களுக்கு இங்கிலீஷ் வராது, எனக்குத் தமிழ் அரைகுறை. மூணு வாரமும் சீட்டு விளையாடியே சமாளிச்சோம், அவங்கதான் நிறைய ஏமாத்தினாங்க. உங்க வீட்ல யாராவது சீட்டுப் பைத்தியம் உண்டா?” என்றால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள மூன்று கொம்பு கிடைக்கிறது: பாட்டி, மொழி, ஏமாற்று. துணுக்கு பெரிய சாதனையாக இருக்கத் தேவையில்லை. சாதனையாக இல்லாமல் இருப்பதே நல்லது.

நம் வீட்டுப் பிள்ளைகள் சறுக்கும் இடமும் இதுதான். இரண்டு விதமாகச் சறுக்குவார்கள். ஒன்று, தன்னைப் பற்றித் தானே பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மரியாதையாக மௌனமாவாள். அதை அடக்கம் என்று நாம் எடுத்துக்கொள்வோம். அங்கே இருப்பவள் ‘நம் வீட்டில் இவளுக்கு ஆர்வமில்லை’ என்று எழுதுவாள். மற்றது, கல்லூரி விண்ணப்பத்துக்காக இரண்டு வருடம் உழைத்ததன் மிச்சம்: பள்ளியிலேயே படித்த கல்லூரித் தரப் பாடங்களான ஏ.பி. எத்தனை, எத்தனை மணி நேரத் தொண்டு, அரங்கேற்றம் முடித்த வருடம் என்று ஒப்பிப்பவள். அந்தத் தகவல் எல்லாம் ஏற்கெனவே பதிவுப் படிவத்தில் அவர்கள் கையில் இருக்கிறது. அரங்கேற்றத்தைப் பற்றிப் பேசலாம். சலங்கை பாதியில் அவிழ்ந்த கதையாக இருந்தால் பேசலாம்.

பெயரைச் சுருக்கலாமா என்ற கேள்வி வீட்டுக்கு வீடு வருகிறது. சுருக்க வேண்டாம் என்பேன். சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையைப் பார்த்து அவள் தடுமாறும் முன்பே, சிரித்துக்கொண்டே நீங்களே மெதுவாக ஒருமுறை சொல்லிவிடுங்கள். ‘யாழினி’யில் இருக்கும் ழகரம் அவளுக்கு வராது, ‘யாலினி’ என்றால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து, இரவுக் கூட்டத்தில் ஒரு பெயரை உச்சரிக்காமலே தாண்டிவிடுவது உண்மையான ஆபத்து. அதைத் தடுக்க இரண்டு விநாடி போதும்.

பேசக்கூடாதவை என்று ஐந்து சொல்வார்கள்: பையன்கள், பாட்டில், பைபிள், பாலட், பணம். அதாவது காதலன், குடி, மதம், தேர்தல் அரசியல், காசு. பொங்கலுக்கு வீட்டில் என்ன செய்வோம் என்று சொல்வது மதப்பேச்சு ஆகாது. எந்தக் கடவுள் உசத்தி என்று இறங்கினால்தான் ஆகும். பணம் பற்றிக் கேட்க வேண்டிய இடம் வேறு, பிறகு வருகிறேன். இந்த ஐந்தைவிட அதிகச் சேதம் செய்வது ஆறாவது ஒன்று: பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசுவது. “அந்த வீட்ல எல்லாரும் ரொம்ப அலட்டுறாங்க” என்று உங்களைச் சிரிக்கவைக்கச் சொல்கிறவளிடம்கூட பதில் சொல்லாதீர்கள். புகழ்ச்சியும் அளவோடு வேண்டும். “உங்க வீடு எவ்வளவு அழகு” என்று காலையிலிருந்து முப்பது பேர் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்து பையை எடுத்ததும் முதல் வேலை, போனில் குறிப்பு எழுதுவது. உள்ளே போன் எடுத்துப்போக விடமாட்டார்கள், அதனால் ஞாபகத்திலிருந்துதான். வீட்டின் பெயர், பேசினவர்களின் பெயர், என்ன பேசினோம், எப்படி இருந்தது. நாலாவது வீடு முடிவதற்குள் முதல் வீடு மறந்துவிடும். அடுத்த சுற்றில் அதே வீட்டுக்குப் போகும்போது “போன தடவை பேசினவங்க தங்கை லா கிராஸ் விளையாடுறதா சொன்னாங்க, மேட்ச் என்ன ஆச்சு?” என்று கேட்கும் பெண் அங்கே அபூர்வம்.

வெயில், செருப்பு, ஜிமிக்கி

உடை பற்றி இணையத்தில் இருப்பதில் முக்கால்வாசி 2021-க்குப் பிறகு வந்த இரைச்சல். அந்த ஆகஸ்டில் அலபாமா பெண்கள் தினமும் என்ன உடுத்துகிறோம் என்று டிக்டாக்கில் போட்ட சின்னச் சின்ன வீடியோக்கள் உலகமெங்கும் ஓடின. அதிலிருந்து ஒவ்வொரு அம்மாவும் பிராண்டு பெயர்களைப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். உடையால் மதிப்பெண் குறையலாம், அதிகம் ஏறாது. சுற்றுக்கு ஏற்ற உடை இருந்தால் போதும். முதல் நாட்களில் டி-ஷர்ட்டோடு பாவாடை அல்லது அரைக்கால் சட்டை. தொண்டுப் பணிகளைப் பற்றிய சுற்றுக்குப் பல வளாகங்களில் டி-ஷர்ட்டை அவர்களே தந்துவிடுவார்கள். சகோதரித்துவச் சுற்றுக்குப் பூப்போட்ட கோடை கவுன். கடைசி பிரெஃபரன்ஸ் சுற்றுக்கு மட்டும் விருந்துக்குப் போகும் அளவுக்கு நல்ல உடை.

அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவில் ஆகஸ்ட் மதியம் 35 டிகிரியைத் தொடும், அதோடு சென்னை மாதிரிப் புழுக்கம். ஒரு நாளில் பல கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். ஆகவே செலவழிக்க வேண்டியது செருப்பில். வீட்டுக்குள் போட ஒரு ஜோடி, நடக்க ஒரு ஜோடி, இரண்டுமே ஏற்கெனவே பழகினதாக இருக்கட்டும். புதுச் செருப்பு கடித்து நொண்டிக்கொண்டு போகிறவளுக்குப் பேச்சில் கவனம் இருக்காது. பையில் தண்ணீர், பேட்டரி விசிறி, எண்ணெய் ஒற்றும் தாள், பிளாஸ்திரி, டியோடரன்ட், புதினா மிட்டாய், ஒரு கைப்பிடி முந்திரி. சாப்பாட்டு இடைவேளை நம்ப முடியாதது. காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் மோசம். பையை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் விலை உயர்ந்த எதுவும் அதில் வேண்டாம்.

ஒரு ஜிமிக்கி போட்டுக்கொள்ளலாம். “தோடு அழகா இருக்கே, எங்க வாங்கினது?” என்று பேச்சைத் தொடங்க எதிரில் இருப்பவளுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

ஆள் வருவதற்கு முன்பே வந்துவிடும் ஆள்

முதல் வீட்டின் வாசலில் நிற்கும் முன்பே உங்கள் புகைப்படம், பள்ளி மதிப்பெண், இன்ஸ்டாகிராம் எல்லாம் உள்ளே போய்விட்டிருக்கும். ஒவ்வொரு சங்கத்துக்கும் குறைந்தபட்ச சராசரி ஒன்று உண்டு. போட்டி அதிகமான வளாகத்தில் நடைமுறை எல்லை அதைவிட மேலே இருக்கும். மதிப்பெண்ணில் நம் பிள்ளைகளுக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை. இன்ஸ்டாகிராமில் சிவப்புப் பிளாஸ்டிக் கோப்பை பிடித்த படம் இருந்தால் எடுத்துவிடுங்கள், உள்ளே இருந்தது ஆரஞ்சு ஜூஸாகவே இருந்தாலும். பல இடங்களில் முதல் சுற்றுக்கு ஒரு சின்ன வீடியோ கேட்கிறார்கள். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், வெளிச்சம் முகத்தில் விழட்டும். தாளைப் பார்த்துப் படித்தால் கண் ஓடுவது தெரிந்துவிடும்.

பழைய உறுப்பினர்களின் சிபாரிசுக் கடிதமும், ‘லெகசி’ என்று அம்மா அக்கா வழியில் வரும் முன்னுரிமையும் ஒரு காலத்தில் பெரிய விஷயம். 2020-ஐ ஒட்டிப் பல தேசிய அமைப்புகள் இவற்றைக் கைவிட்டன அல்லது தளர்த்தின. திருச்சியில் படித்த அம்மாவின் மகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் தெற்கில் பழக்கம் விதியைவிட மெதுவாகத்தான் மாறுகிறது.

கணக்கு செய்யும் வேலை

இப்போது யாரும் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லாத பகுதி. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு ஒரு வீடு எத்தனை பேரைத் திரும்ப அழைக்கலாம் என்பதை அந்த வீடு தன் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை. ‘ரிலீஸ் ஃபிகர்ஸ்’ என்ற கணக்குமுறை முடிவு செய்கிறது. முந்தைய வருடங்களில் அந்த வீடு அழைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதுதான் அதன் அடிப்படை.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். 2,000 பேர், 17 வீடுகள், கடைசியில் வீட்டுக்கு 110 பேர் ஒதுக்கீடு. முதல் வீடு அழைத்தால் கிட்டத்தட்ட எல்லோரும் வருவார்கள். இரண்டாவது வீடு அழைத்தால் பாதிப் பேர் வேறிடம் போய்விடுவார்கள். இரண்டுக்கும் வேண்டியது அதே 110. அப்படியானால் முதல் வீடு முதல் நாள் முடிவிலேயே ஆயிரம் பேரைக்கூட விட்டுவிட வேண்டிவரும். இரண்டாவது வீடு சில நூறு பேரை மட்டும் விட்டால் போதும். அலபாமாவில் அண்மை வருடங்களில் 2,500 பேருக்கு மேல் பதிவு செய்கிறார்கள் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். ஆயிரம் பேரை ஒரே இரவில் விட வேண்டிய வீட்டில் உட்கார்ந்து யாரும் குணநலன் அலசுவதில்லை. மதிப்பெண் பட்டியல், யாருக்காவது முன்பே தெரிந்தவளா, குறிப்பில் ஏதாவது இருக்கிறதா, அவ்வளவுதான். இரண்டாம் நாள் காலை அட்டவணையில் ‘பெரிய’ வீடுகள் மொத்தமாகக் காணாமல் போயிருந்தால், பெரும்பாலும் அது பேச்சில் நேர்ந்த பிழையால் அல்ல.

இந்தக் கணக்கு தெரியாததால்தான் நான் அறிந்தவற்றிலேயே மோசமான தவறு நடக்கிறது. அட்டவணையைப் பார்த்து அழுத பெண், மிச்சமிருக்கும் வீடுகளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவாள். “இங்கே வர நேர்ந்துவிட்டது” என்று அவள் நிற்கும் விதமே சொல்லும். அந்த வீட்டுப் பெண்களுக்குத் தங்கள் இடம் என்ன என்று தெரியும். வருடா வருடம் இந்த முகத்தைப் பார்த்தவர்கள். அவர்களும் விட்டுவிடுவார்கள். அவளை விரும்பக்கூடிய வீடுகளை மூன்றாம் நாளுக்குள் அவளே தள்ளிவிட்டிருப்பாள். பன்னிரண்டு, ஏழெட்டு, கடைசியில் இரண்டு என்று வீடுகள் சுருங்கிக்கொண்டே வரும்போது, அழைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய், கொடுத்த எண்ணிக்கை முழுவதையும் வரிசைப்படுத்திக் கொடுப்பவளுக்குத்தான் கடைசி வரை இடம் இருக்கும். ‘அந்த ஒரு வீடு கிடைத்தால் கிடைக்கட்டும், இல்லாவிட்டால் வேண்டாம்’ என்று கடைசியில் ஒரே பெயரை எழுதுவது சூதாட்டம். இரண்டையும் எழுதியவளுக்கு ஒதுக்கீட்டுக்கு மேலேயும் இடம் போட்டுக்கொடுக்க வழி இருக்கிறது. ஒன்றை மட்டும் எழுதியவளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நடுவில் உதவிக்கு இருப்பவள் ரெக்ரூட்மென்ட் ஆலோசகர். ரோ காமா, பை கை என்று இடத்துக்கு ஒரு பெயர். அவளும் ஏதோ ஒரு சங்கத்துக்காரிதான், ஆனால் பல வளாகங்களில் இந்தக் காலம் முழுக்க அதை மறைத்து, அதிலிருந்து விலகி இருக்க வேண்டும். பணக் கேள்விகளை இவளிடம் கேளுங்கள்: வீட்டில் தங்காத புது உறுப்பினருக்கு செமஸ்டருக்கு எவ்வளவு, முதல் வருடத்துக்கு மட்டும் வரும் கட்டணம் எவ்வளவு, இரண்டாம் வருடம் வீட்டிலேயே தங்கியாக வேண்டுமா. தெற்கின் பெரிய வளாகங்களில் இது செமஸ்டருக்குப் பல ஆயிரம் டாலர். வீட்டுக்கு வீடு மாறும்.

குறிப்புகள் உதவாத இடம்

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 2013 செப்டம்பரில் அலபாமா பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையான ‘கிரிம்சன் வைட்’ ஒரு செய்தி வெளியிட்டது. எல்லாத் தகுதியும் இருந்த கறுப்பின மாணவிகளை, உள்ளே இருந்த பெண்கள் விரும்பியும், பழைய உறுப்பினர்கள் தலையிட்டுத் தடுத்தார்கள் என்றது அது. அந்தப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் நுழைவதை ஆளுநரே வாசலில் நின்று மறித்தது 1963-இல். சரியாக ஐம்பது வருடம் கழித்து இது. வளாகத்தில் ஊர்வலம் நடந்தது, நிர்வாகம் தலையிட்டுச் சேர்க்கையைத் திரும்பத் திறக்க வைத்தது, சில கறுப்பினப் பெண்கள் சேர்ந்தார்கள். பேச்சை எவ்வளவு அழகாகப் பழகியிருந்தாலும் அந்தப் பெண்களுக்கு அது பயன்பட்டிருக்காது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. எல்லா வளாகத்திலும் ஒரே அளவுக்கு அல்ல. சேரப்போகும் வளாகத்தில் ஒவ்வொரு வீட்டின் பொதுப் பக்கத்திலும் போன வருடக் குழுப் படத்தைப் பார்ப்பது, அவர்கள் உங்களைப் பார்ப்பதற்கு ஈடான வேலை.

வேறு கதவுகளும் உண்டு. 1998-இல் மட்டும் தெற்காசியப் பெண்களை மையமாகக் கொண்ட சொராரிட்டிகள் ஒன்றுக்கு மேல் தொடங்கின. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டெல்டா ஃபை ஒமேகா அதில் ஒன்று. கறுப்பினப் பெண்களின் முதல் சொராரிட்டி ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1908-இல் ஹவர்ட் (Howard) பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் ஹவர்டில் படித்தபோது சேர்ந்தது அதில்தான். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா மாதிரிக் கறுப்பினச் சங்கங்களில் இந்த வாரக் கூத்து கிடையாது. வருடம் முழுக்க அவர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்குப் போவது, தொண்டு வேலையில் கூட நிற்பது, சங்கத்தின் வரலாறு தெரிந்திருப்பது, முக்கியமாக ‘நான் சேரப்போகிறேன்’ என்று ஊரெல்லாம் சொல்லாமல் இருப்பது. பான்ஹெலனிக் வாரத்தில் ஆர்வத்தை வெளிப்படையாகக் காட்டுவது புண்ணியம் என்றால் இங்கே அதுவே பாவம்.

கடைசிச் சுற்று

பிரெஃபரன்ஸ் சுற்றில் இரைச்சல் இருக்காது. விளக்கைக் குறைத்து, மெழுகுவத்தி ஏற்றி, கடைசி வருட மாணவி ஒருத்தி தன் கதையைச் சொல்லி அழுவாள். பெரும்பாலும் ஒரே ஒருத்தியோடுதான் முழு நேரமும் பேச்சு. உங்களுக்காக இரவுக் கூட்டத்தில் எழுந்து நின்றவள் அவளாகவே இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே மழுப்ப வேண்டாம். பிடித்திருந்தால் “இந்த வீட்டில் என்னால் இருக்க முடியும் என்று தோன்றுகிறது” என்று சொல்லலாம், ஏன் என்று ஒரு காரணத்தோடு. இரண்டு வீட்டிலும் அதே வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். இரண்டாவது இடத்தில் அது உங்கள் முகத்திலேயே தெரியும். கேள்விகளும் நிஜமானவையாக இருக்கட்டும்: சேர்ந்த பிறகு ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் போகும், பரீட்சை நேரத்தில் வராவிட்டால் அபராதம் உண்டா, இங்கே சேர்ந்து வருந்தின விஷயம் ஏதாவது உண்டா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலிருந்து அந்த வீட்டைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

அவர்கள் “நாளைக்குப் பார்க்கலாம்” என்று கையைப் பிடித்துச் சொன்னாலும் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இடம் உறுதி என்று முன்கூட்டிச் சொல்ல விதி இடம் தருவதில்லை. சொல்பவளுக்கே பட்டியலில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம்.

அன்றைக்கே ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். எந்தெந்த வீட்டின் அழைப்பை ஏற்பேன் என்று வரிசையாக எழுதிக் கொடுப்பது அது. இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். எழுதின வீட்டிலிருந்து அழைப்பு வந்து அதை மறுத்தால், அதே வளாகத்தில் அடுத்த வருட முறையான ரெக்ரூட்மென்ட் தொடங்கும் வரை இந்த 26 சங்கங்களில் வேறு எதிலும் சேர முடியாது. போக மனமில்லாத வீட்டின் பெயரை ‘சும்மா’ எழுதி வைக்கக்கூடாது என்பது இதனால்தான். கையெழுத்துப் போடாமல் விலகிக்கொண்டவர்களுக்கும், போட்டும் எங்கும் பொருந்தாமல் போனவர்களுக்கும் இந்தத் தடை கிடையாது. இடம் மிச்சமிருக்கும் வீடுகள் செமஸ்டர் நடுவிலும் வசந்த பருவத்திலும் ஆள் சேர்த்துக்கொள்ளும். சுற்று, வரிசை, கைதட்டல் எதுவும் இருக்காது. ஒரு காபி, ஒரு மதியச் சாப்பாடு, நிதானமாக ஒரு மணி நேரப் பேச்சு. அதற்குப் பெயர் கொடுத்து வைக்க வேண்டிய இடம் வளாகத்தின் பான்ஹெலனிக் அலுவலகம். முதல் வாரமே போய்க் கொடுத்துவிடலாம்.